"ஸ்கோப் இருக்கா டாக்டர்?"

இது கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து முழுசாகப் படிங்க. பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வைங்க.

நான் நீலகிரியில் ஒரு அரசு மருத்துவமனையில் டாக்டர். படிப்பு எம்பிபிஎஸ். வேலைவாய்ப்பு நிபுணர் எல்லாம் இல்லை. இதை எழுதக் காரணம், நான் செய்த ஒரு தப்பு.

மழை விடாத ஒரு திங்கட்கிழமை. ஓபியில் உட்காரக்கூட இடமில்லை. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்கா வந்தார். பல வருஷமாக முதுகுவலிக்கு என்னிடம் வருகிறவர். அவருடைய அப்பா அம்மா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்தவர்கள். இவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே லயன் வீட்டில்தான். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"என்னக்கா, மாத்திரை தீர்ந்துடுச்சா?"

"மாத்திரை இருக்கு டாக்டரம்மா. இது என் மக. நர்ஸ் படிப்பு முடிச்சுட்டா. இங்க ஏதாச்சும் வேலை போட்டுக் குடுங்க."

அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினாள். தங்க நிற எழுத்து, பெரிய முத்திரை, இரண்டு வருட "நர்சிங் அசிஸ்டெண்ட் டிப்ளமோ". கீழே சமவெளியில் ஒரு நகரத்தில் இருக்கிற தனியார் நிறுவனம்.

நமக்குத் தெரிந்த நர்சிங் படிப்பு மூன்றுதான். ஏஎன்எம் இரண்டு வருஷம், ஜிஎன்எம் மூன்று வருஷம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருஷம். முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் எங்கேயும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அந்தப் பெண் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு கவுன்சில் வாசல்படிகூட ஏற முடியாது.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அம்மா புரிந்துகொண்டார்.

"அப்ப இது செல்லாதா டாக்டரம்மா?"

கட்டணம் 1,40,000 ரூபாய். கொஞ்சம் நகை அடகு, கொஞ்சம் மகளிர் குழுக் கடன். தேயிலைத் தோட்டத்தில் அப்போது நாள் கூலி 400 ரூபாய்க்குச் சற்று மேல். மாதம் 25 நாள் வேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாப்பிடாமல், பஸ் ஏறாமல், மருந்து வாங்காமல் சேர்த்து வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்த பணம் அது.

இப்போது என் தப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. நர்சிங் மாதிரி ஏதோ சொல்றாங்க. ஸ்கோப் இருக்கா டாக்டரம்மா?"

"நர்சிங்கா? நல்ல ஸ்கோப்க்கா. தாராளமா சேர்த்து விடுங்க."

பத்து வினாடிகூட இருக்காது. வெளியே வரிசை நின்றது. எந்தப் படிப்பு, எந்த இடம், எத்தனை வருஷம் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. காய்ச்சல் என்று வந்திருந்தால் எத்தனை நாளாக என்று கேட்டிருப்பேன், தெர்மாமீட்டர் வைத்திருப்பேன், தேவைப்பட்டால் ரத்தம் எடுத்திருப்பேன். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு ஒரு டெஸ்ட்டும் எடுக்காமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா அதைக் குத்திக் காட்டவே இல்லை. "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து "ஸ்கோப்" என்கிற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. நம் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் லட்சக்கணக்கான பிள்ளைகள் படிப்பைத் தேர்வு செய்கிறார்கள். ஸ்கோப் என்றால் என்ன? வருஷத்துக்கு எத்தனை காலியிடம்? கையில் எவ்வளவு சம்பளம்? அதே படிப்பை முடித்துவிட்டு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? எந்த ஊரில் வேலை? இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் அந்தச் சொல்லுக்குள் இல்லை. மாமா பையன் ஒருத்தன் கனடாவில் செட்டில் ஆகியிருப்பான், அதுதான் ஸ்கோப். அவனோடு படித்த மற்ற 59 பேர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இந்த மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பாடம் எதுவும் வேண்டாம். கேரட் போதும்.

கேத்தி பாலாடா, நஞ்சநாடு பக்கம் விவசாயிகளிடம் கேளுங்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை ஏறினால் என்ன நடக்கும்? எல்லோரும் கேரட் விதைப்பார்கள். மூன்று, நான்கு மாசம் கழித்து எல்லோருடைய மூட்டையும் ஒரே நேரத்தில் மண்டியில் இறங்கும். விலை விழும். விதைத்த அன்று இருந்த விலை வேறு, அறுத்த அன்று கிடைக்கிற விலை வேறு.

தேயிலையிலும் இதேதான். இலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட நிலத்தையெல்லாம் தேயிலையாக மாற்றினார்கள். நட்ட செடி கொழுந்து கொடுக்கவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். 2000-ஐ ஒட்டி பசுந்தேயிலை விலை சரிந்தபோது எத்தனை வீடுகள் கடனில் விழுந்தன என்பதை இங்கே வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை.

பொருளாதாரத்தில் இதற்கு "காப்வெப்" என்று பெயர், அதாவது சிலந்திவலை. முதலில் விவசாய விலைகளை விளக்கத்தான் இதைச் சொன்னார்கள். 1976-ல் ரிச்சர்ட் ஃப்ரீமன் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அங்கே இன்ஜினியர்களுக்கும் இதுவே நடக்கிறது என்று எழுதினார். சம்பளம் ஏறுகிறது, கூட்டம் கூட்டமாகச் சேர்கிறார்கள், நான்கு வருஷம் கழித்து ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள், சம்பளம் விழுகிறது, அடுத்த செட் பயந்து வேறு பக்கம் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைத்ததையும், பிறகு சீட்டுகள் காலியாகக் கிடந்ததையும் கண்ணால் பார்த்த நமக்கு இதற்கு அமெரிக்க உதாரணம் தேவையே இல்லை.

கேரட் என்றால் நான்கு மாசத்தில் தப்பு தெரிந்துவிடும், அடுத்த போகம் பீட்ரூட் போடலாம். டிகிரிக்கு நான்கு வருஷம். எம்பிபிஎஸ்ஸுக்கு ஐந்தரை வருஷம்.

எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றவர்களை மட்டும் சொன்னதாக ஆகிவிடும். 2014 வாக்கில் நாடு முழுக்க எம்பிபிஎஸ் சீட்டுகள் சுமார் 51,000. பத்து வருஷத்தில் அது ஒரு லட்சத்து பத்தாயிரத்தைத் தாண்டியது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, அதில் எங்கள் நீலகிரியும் ஒன்று. எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மலைக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் 2025 தொடக்கத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வு வைத்தபோது, இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் இடங்களுக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். நான் படித்த காலத்தில் "டாக்டருக்குப் படிச்சா வேலை உறுதி" என்று வீட்டில் சொன்னார்கள். இன்றைக்கு நீட் கோச்சிங்குக்கு நிலத்தை விற்கிற அப்பாவிடம் இந்த எண்ணை யார் சொல்கிறார்கள்? சொன்ன பிறகும் அவர் விற்கலாம், அது அவர் விருப்பம். தெரிந்து செய்யட்டும்.

சரி, எண்கள் எல்லாம் கையில் இருந்தால் எதிர்காலம் தெரிந்துவிடுமா? தெரியாது. அதற்கு ஊட்டியிலேயே ஒரு கதை இருக்கிறது.

இந்து நகர் என்று ஒரு பகுதி. புதிதாக வருகிறவர்கள் மதத்தை வைத்து வந்த பெயர் என்று நினைப்பார்கள். "இந்து" என்பது ஃபிலிம் பிராண்டு. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தி ஆரம்பம். சினிமா ஃபிலிம், போட்டோ ஃபிலிம், எங்கள் எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கே தயாரானது. மாப்பிள்ளைக்கு ஹெச்பிஎஃப்-ல் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். 90-களின் நடுவில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2014-ல் மீதமிருந்தவர்களுக்கும் விருப்ப ஓய்வு கொடுத்து மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. நான் மாணவியாக இருந்தபோது எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துத்தான் எலும்பு முறிவைப் பார்க்கக் கற்றேன். இன்று கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிறேன், சில நேரம் போனிலேயே. ஃபிலிம் போனதும் ஃபிலிமை நம்பிய வேலையும் போனது.

1970-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு எந்தப் புள்ளிவிவரம் இதைச் சொல்லியிருக்கும்? எதுவும் சொல்லியிருக்காது. ஆனால் 1995-ல் மகனை ஐடிஐயில் சேர்த்த அப்பாவுக்குச் சொல்லியிருக்க முடியும். தகவலால் ஜோசியம் சொல்ல முடியாது. இன்றைய பிபி என்ன என்று சொல்லும், அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து ஸ்ட்ரோக் வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதற்காக யாராவது பிபி பார்க்காமல் இருக்கிறோமா?

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். இந்தத் தகவல் இல்லாமல் இல்லை.

1959-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்கிற சட்டம். அரசு அலுவலகம் எல்லாம், தனியாரில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம் எல்லாம் இதற்குள் வந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை இடம் காலி என்று ஒரு படிவம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எந்தெந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று இன்னொரு படிவம். யோசித்துப் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் எத்தனை லேப் டெக்னீஷியன், எத்தனை எலக்ட்ரீஷியன், எத்தனை ஹோட்டல் சமையல்காரர் என்று எண்ணிச் சொல்ல 60 வருஷத்துக்கு மேலாகச் சட்டமே இருந்திருக்கிறது. இப்போது 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டு, அலுவலகத்துக்குக் "கேரியர் சென்டர்" என்று பெயரும் வைத்திருக்கிறது. பெயர் மாறினால் போதுமா?

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புத் தளம் 2015 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் 2020 முதல் இருக்கிறது. தொழிலாளர் கணக்கெடுப்பு 2017 முதல் நடக்கிறது, 2025-லிருந்து மாதாமாதம் எண்கள் வருகின்றன. நம் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எண்ணிக்கை சில வருஷங்களுக்கு முன் 60 லட்சத்துக்கும் மேல். எந்தப் படிப்புக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. இந்த எண்களில் ஒன்றாவது ஒரு லயன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததா?

வந்து சேர்ந்தது என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய போஸ்டர். "100 சதவீத வேலை உத்தரவாதம்."

நியாயமாகப் பேசினால், "நான் முதல்வன்", "கல்லூரிக் கனவு" இரண்டும் நல்ல முயற்சிகள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்னென்ன படிப்பு இருக்கிறது என்றாவது தெரிய வருகிறது. ஆனால் படிப்பின் பட்டியல் வேறு, வேலையின் பட்டியல் வேறு. மெனு கார்டு கொடுத்தாச்சு, விலை எழுதவில்லை. தவிர, பிளஸ் டூ முடித்த பிறகு சொல்வது தாமதம். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கிறாள் என்பதிலேயே பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன.

"சொன்னா மட்டும் கேட்டுருவாங்களா டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஆதாரம் கேட்பது நல்ல பழக்கம், இருக்கிறது.

ராபர்ட் ஜென்சன் என்கிற பொருளாதார ஆய்வாளர் டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் ஒரு சோதனை செய்தார். உயர்நிலைப் பள்ளி முடித்தால் சம்பளம் பெரிதாகக் கூடாது என்று அந்தப் பையன்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் வித்தியாசம் நிறைய. ஒரு பகுதிப் பள்ளிகளில் அந்த உண்மையான எண்ணை மட்டும் சொன்னார். அடுத்த நான்கு வருஷத்தில் அந்தப் பையன்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.20-லிருந்து 0.35 வருஷம் கூடுதலாகப் படித்தார்கள். ஒரு தடவை உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு! ஆனால் மிக ஏழைப் பையன்களிடம் பெரிய மாற்றம் இல்லை. தெரிந்தாலும் படிக்கக் காசு வேண்டுமே.

இன்னொன்று நம் நாட்டில். டெல்லியைச் சுற்றி 160 கிராமங்கள். அதில் பாதிக் கிராமங்களுக்கு, கால் சென்டர் மாதிரி வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்களை அனுப்பி, "பெண்களுக்கு இந்த வேலை இருக்கிறது, இதற்கு இது படித்திருக்க வேண்டும்" என்று சொல்ல வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த ஊர் இளம்பெண்கள் கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போட்டு வேலைக்கோ பயிற்சிக்கோ போவது கூடியிருந்தது. டாக்டராக எனக்குப் பிடித்த பகுதி: அந்தக் கிராமங்களில் சின்னப் பெண் குழந்தைகளின் உடல் எடைக் குறியீடும் நன்றாக இருந்தது. மகளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று தெரிந்ததும் தட்டில் சோறு கூடுதலாக விழுந்திருக்கிறது. 18 வயதில் 7 கிராம் ஹீமோகுளோபினோடு பிரசவத்துக்கு வருகிற பெண்ணை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது வெறும் வேலைவாய்ப்பு விஷயமாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டும். "சந்தை நிலவரம் இதுதான், நீ கொழுந்து பறிக்கிறவர் மகள், உனக்கு இது போதும்" என்று சொல்ல இந்தத் தகவலையே ஆயுதமாக்கலாம். 1953-ல் பள்ளியில் பாதி நேரம், அப்பன் தொழிலில் மீதி நேரம் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்த மண் இது. அடுத்த வருஷமே காமராஜர் அதைக் கைவிட்டார். அந்தப் பயம் சரியானது. பழங்குடிப் பிள்ளையிடம் போய் "மருத்துவத்தில் போட்டி அதிகம், விட்டுவிடு" என்று ஒரு ஆலோசகர் சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். பிள்ளையைப் பற்றிய முடிவை எடுப்பதற்காக அதிகாரியிடம் கொடுக்கிற தகவல் வேண்டாம். பிள்ளையின் கையில், அம்மாவின் கையில் கொடுக்கிற தகவல்தான் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே கிடைக்கிறது. சித்தப்பா ஒருவர் ஐடியில் இருப்பார், அத்தை பேங்கில் இருப்பார். லயன் வீட்டில் எல்லாச் சொந்தமும் ஒரே தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறது. அந்தத் தோட்டமும் சுருங்குகிறது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே தொடங்கிய டான்டீயில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் முடிவானது.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒரு ஏ4 தாள். ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில், மாவட்டத்தின் எல்லா உயர்நிலைப் பள்ளியிலும் அறிவிப்புப் பலகையில் தமிழில். நீலகிரியிலும், நம் பிள்ளைகள் இறங்கிப் போகிற கோவை, திருப்பூரிலும், போன வருஷம் எந்த வேலைக்கு எத்தனை இடம் வந்தது, ஆரம்பத்தில் கையில் எவ்வளவு, என்ன சான்றிதழ் வேண்டும், அதே சான்றிதழோடு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் அதைப் படித்துக் காட்ட வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிற நல்ல ஊழியர்கள் சிலரே இதைச் செய்துவிட முடியும்.

எண்ணில் கசப்பும் இருக்கட்டும், மறைக்கக் கூடாது. 2015-ல் அரசு எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். நர்சிங் நல்ல தொழில்தான், இதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

அந்தத் தாள் வருகிற வரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தில் போய்க் கேளுங்கள்: போன வருஷம் முடித்தவர்களில் மூன்று பேர் போன் நம்பர் கொடுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்தால் மூன்று பேருக்கும் போன் போட்டு, என்ன வேலை, கையில் எவ்வளவு, சொன்ன வேலையைத்தான் கொடுத்தார்களா என்று கேளுங்கள். நர்சிங், லேப், பார்மசி என்றால் அந்தந்தக் கவுன்சில், வாரியத்தின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பக்கத்து அரசு மருத்துவமனையில் எந்த நர்ஸிடமும் கேளுங்கள், இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். என்னைப் போன்ற டாக்டரிடம் ஓபி நேரத்தில் கேட்காதீர்கள். கேட்டால் "ஸ்கோப் இருக்கு" என்பார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். நர்ஸ் சம்பளம் இல்லை. வயது இருக்கிறது, மார்க்கும் மோசமில்லை. அரசு ஜிஎன்எம் சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போட எல்லாச் சான்றிதழையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று வருஷம் மறுபடியும் முதலிலிருந்து. குழுக் கடன் இன்னும் ஓடுகிறது.

போன வாரம் அம்மா மறுபடி வந்தார், முதுகுவலிக்கு. கூடவே ஒன்பதாவது படிக்கிற பையன்.

"இவனுக்கு ஏதோ ஏசி மெக்கானிக் படிப்பு நல்லா இருக்குன்னு சொல்றாங்க டாக்டரம்மா. எப்படி?"

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "ஐடிஐயில் கேட்டுட்டு அடுத்த திங்கட்கிழமை சொல்றேன். தம்பி, நீயும் ரெண்டு கடையில போய் விசாரிச்சுட்டு வா."

கேட்டுக்கொண்டிருக்கிறேன். குன்னூர், கோவை பக்கம் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆரம்பச் சம்பளம் உண்மையில் எவ்வளவு, வருஷத்தில் எத்தனை மாசம் வேலை இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.